கூரைகள் இறங்கிய வருடங்கள்

நிதிநிலை அறிக்கை நிறைவேறிய பத்தொன்பதாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், ரயில் பாதைக்குத் தெற்கே இருந்த எல்லா வீடுகளின் கூரைகளும் இரண்டு விரற்கடை கீழே இறங்கின. எந்தச் சுவரும் வெடிக்கவில்லை, ஒரு கைப்பிடிக் காரைகூட உதிரவில்லை. வெந்நீரில் ஊறிய பருத்தித் துணிபோலச் சுவர்கள் சுருங்கிக்கொண்டன, கதவுகளும் ஜன்னல்களும் சுவருக்கு ஏற்றபடி தாமாகவே குட்டையாயின. வெல்டிங் பட்டறைக்காரர் சட்டை மாட்டக் கையைத் தூக்கியபோது மின்விசிறி விரலில் பட்டு இரண்டு தையல் போட வேண்டிவந்தது. அன்று பதிவான சேதம் அது ஒன்றுதான். அதே நாள் சோப்புக் கட்டி பதினொரு காசிலிருந்து பதினான்கு காசுக்கு ஏறியிருந்தது, மக்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

அந்த அறிக்கையை நிதி அமைச்சர் சட்டமன்றத்தில் இரண்டு மணி நாற்பது நிமிடம் வாசித்திருந்தார். எழுச்சி வரி என்று புதிதாக ஒன்று வந்தது. சோப்பு, உப்பு, தீப்பெட்டி, நூல்கண்டு, காய்ச்சல் மாத்திரை, பேருந்துச் சீட்டு ஆகியவற்றின்மேல் அது விழுந்தது. நான்கு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும் பெரிய கிடங்குகளுக்கும் அதுவரை இருந்த வரி எடுக்கப்பட்டது. அவற்றின் உரிமையாளர்கள் மேலே போனால் மற்றவர்களையும் கைபிடித்துத் தூக்குவார்கள் என்பது அமைச்சரின் கணிப்பு. எதிர்க்கட்சியில் மொத்தம் பதினொரு உறுப்பினர்கள். தலைவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது, அடுத்தவர் வெளிநாட்டில் இருந்தார், அதற்கும் அடுத்தவருக்கு எண்களைக் கண்டாலே தலைசுற்றும். ஆகவே விவாதத்தில் கட்சிக்குக் கிடைத்த ஒன்பது நிமிடம், அதுவரை அவையில் வாயே திறந்திராத கொத்தனாருக்குப் போனது. அவர் இருபத்தாறு வருடம் கொத்து வேலை பார்த்தவர். தெற்குப் பகுதியில் முந்நூறு வீடுகளுக்குமேல் அவர் கையால் எழும்பியவை. சிமெண்டில் மணலைக் கூட்டாதவர் என்ற ஒரே காரணத்துக்காக அங்கிருந்தவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள்.

கொத்தனார் எழுந்து, சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து, மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவரவில்லை என்பது தெரிந்து, தாளை மறுபடி மடித்து வைத்துக்கொண்டார்.

"நான் கொத்தனாருங்க. எனக்குப் பொருளாதாரம் தெரியாது, பாரம் தெரியும். மேல் பாரம் எங்க இறங்குதுன்னு பார்த்துத்தான் நாங்க சுவர் வைப்போம். நீங்க தடிச்ச தூணையெல்லாம் சும்மா விட்டுட்டு, மொத்தப் பாரத்தையும் அரைச்செங்கல் சுவர்மேல ஏத்தறீங்க. என் வீட்டுக்காரி சலவைக்கடை வெச்சிருக்கா. அவளுக்கு ஒரு நாளைக்கு நாலு கட்டி சோப்பு வேணும். அஞ்சு மாடி வெச்சிருக்கறவருக்கு மாசத்துக்கே நாலு கட்டிதான். இதுல யார் தூணு, யார் அரைச்செங்கல்லு? இப்படியே விட்டீங்கன்னா கூரை இறங்கிடும்."

"கூரை ஒழுகினா கட்டாயம் உங்களைக் கூப்பிடறோம்," என்றார் நிதி அமைச்சர். அவையில் சிரிப்பு எழுந்ததாகக் குறிப்பில் இருக்கிறது. அறிக்கை குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

கூரைகள் இறங்கிய அன்று மாலை, கொத்தனார் வீட்டு வாசலில் நூறு பேருக்குமேல் நின்றார்கள். வீடுகளைக் கட்டியவர் அவர், இறங்கும் என்று சொன்னவரும் அவர். எந்தக் காரணத்துக்காகத் திட்டுவது என்பதில் மட்டும் கூட்டத்துக்குள் இரண்டு கட்சி இருந்தது.

"உங்க கையால கட்டினது, உங்க வாயால இறங்கிச்சு," என்று வெல்டிங்காரர் கட்டுப் போட்ட விரலை நீட்டிச் சொன்னதும் இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டன. அந்த வாரத்துக்குள் கொத்தனார் என்ற பெயர் போய்க் கருநாக்கர் என்ற பெயர் வந்தது. தெருவில் எதிரே வருபவர்கள், அவர் வாயைத் திறப்பதற்குள் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். கர்ப்பிணிகள் இருந்த வீடுகளில் அவர் குரல் கேட்டால் வானொலியைச் சத்தமாக வைத்தார்கள். அவருடைய மனைவி ஒருநாள் கடையை மூடிவிட்டு வந்து, "காட்டுங்க நாக்கை," என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கறுப்பெல்லாம் இல்ல. நீளந்தான் கொஞ்சம் ஜாஸ்தி," என்றாள். பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் அதை முன்பும் சொல்லியிருந்தாள், ஆனால் அன்று சிரிக்காமல் சொன்னாள்.

கொத்தனார் தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு தான் கட்டிய ஒவ்வொரு வீடாகப் போனார். மூலைகள் சரியாக இருந்தன, மட்டம் சரியாக இருந்தது, சுவர்கள் நூல் பிடித்தமாதிரி நேராக நின்றன. ஒரு வீட்டில் ஒரு குறையாவது கிடைத்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கூரைகள் மட்டும் மாதத்துக்கு இரண்டு விரற்கடை என்ற கணக்கில், கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கும் வேலைக்காரர்போலத் தவறாமல் இறங்கிக்கொண்டிருந்தன.

முதலில் துன்பப்பட்டவன் நெட்டையன். அவன் கொத்தனாரின் மனைவிக்குத் தம்பி, ஆறரை அடி உயரம், வரி அலுவலகத்தில் வீடுகளை அளந்து எழுதும் வேலை. அக்கா வீட்டிலேயே பின்னறையில் தங்கியிருந்தான். மற்றவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே அவன் குனிந்துவிட்டான். குனிந்தாலும் தொழிலில் சுத்தம். வீடு வீடாகப் போய் நாடாவைப் பிடித்து, கண்ட உயரத்தைக் கண்டபடியே எழுதினான். ஏழடி பத்து விரல், ஏழடி எட்டு விரல், ஏழடி ஆறு விரல். மேலதிகாரி அந்தத் தாள்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. குழு எட்டு மாதம் உழைத்து, கூரைகள் இறங்கவில்லை, மக்கள்தான் வளர்ந்திருக்கிறார்கள் என்று கண்டறிந்தது. எழுச்சி வரியால் நாட்டில் ஏற்பட்ட வளத்தில் ஒவ்வொரு குடிமகனும் சராசரியாகப் பதினாறு விரற்கடை உயர்ந்திருப்பதாக அறிக்கை சொன்னது. தெருமுனைகளில் சுவரொட்டி ஒட்டினார்கள். ஒரு குடும்பம் தலை கூரையில் முட்டச் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். அளவெடுப்பவர்கள் எல்லோருக்கும் புதிய நாடா வழங்கப்பட்டது. நெட்டையன் புதிய நாடாவை வைத்து முதலில் தன்னை அளந்து பார்த்தான். கிட்டத்தட்ட எட்டடி வந்தது. அதை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் பழைய நாடாவையே எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ரயில் பாதைக்கு வடக்கே, பெரிய வீடுகள் இருந்த பகுதியில், அதே நாட்களில் கூரைகள் மேலே போய்க்கொண்டிருந்தன. தெற்கில் இறங்கிய அளவும் வடக்கில் ஏறிய அளவும் கூட்டிப் பார்த்தால் சரியாக வரும் என்று நெட்டையன் சொன்னான், ஆனால் வடக்கே போய் அளக்க அவனுக்கு அனுமதி கிடையாது. அங்கே முதலில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு விளக்கு மாற்ற ஏணி போதவில்லை. ஒரு கப்பல் முதலாளியின் கூடத்தில் புறாக்கள் நுழைந்து திரும்ப வழி தெரியாமல் மேலேயே குடும்பம் நடத்தின. இன்னொரு வீட்டில் சாப்பாட்டு அறைக்குள் மட்டும் வாரம் இரண்டு நாள் தூறல் விழுந்தது.

இரண்டாம் வருடம் நிதிநிலை அறிக்கைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தெற்குப் பகுதிக் கூரைகள் ஆறடிக்கு வந்திருந்தன. கொத்தனார் வீட்டுக்கு நாற்பது பேர் வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, முன்னறையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். இந்த முறை அவர்கள் திட்டவில்லை.

"இந்தத் தடவை பேசாதீங்க," என்றார் வெல்டிங்காரர். "கையெடுத்துக் கும்பிடறேன்."

"நான் பேசாம இருந்தா இறங்காதா?"

"நீங்க பேசினப்பதானே இறங்க ஆரம்பிச்சுது."

"அந்த வரி வந்தப்பவும் அதே நேரந்தானே?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எங்க வீட்ல சின்னது போன வாரந்தான் நிக்கப் பழகிச்சு. அது வளர்ந்து வரும்போது நிக்க இடம் இருக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

மறுநாள் நிதி அமைச்சரின் கார் வந்து கொத்தனாரை வடக்கே கூட்டிப்போனது. அமைச்சரின் அலுவல் அறையில் நுழைந்ததும் கொத்தனார் தொழில் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தார். கூரை தெரியவில்லை. நான்கு சுவர்களும் மேலே போய்ப் போய்ச் சாம்பல் நிறமாக மங்கி, அதற்குமேல் என்ன என்று சொல்ல முடியாமல் இருந்தது. அறை குளிர்ந்து கிடந்தது. அமைச்சர் இரண்டு கம்பளிச் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். அவர் பேசும்போது உதடு முதலில் அசைந்தது, குரல் சற்றுப் பொறுத்து வந்தது.

"கண்ணுக்குக் கூரை தெரியாத அறையில தூங்கிப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் அமைச்சர். "நான் ஏழு மாசமா கார்லதான் தூங்கறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"அப்ப வரியை மாத்துங்க."

"மாத்தறது என் கையில இல்ல. அது உங்களுக்குப் புரியாது. ஆனா உங்க வாய்க்கு ஒரு ராசி இருக்குன்னு உங்க ஆளுங்களே சொல்றாங்க. கெட்டதைச் சொன்னீங்க, நடந்துச்சு. இந்தத் தடவை நல்லதைச் சொல்லிப் பாருங்களேன். ஏறும்னு சொல்லுங்க. ஏறினா உங்க ஜனங்களுக்கு நல்லது. ஏறலைன்னா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

கொத்தனார் திரும்பி நடந்தே வந்தார். வீட்டுக்குள் நுழையும்போது நெட்டையன் பின்னறைத் தரையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகு ஒரு கட்டத்துக்குமேல் நிமிர மறுத்தது. அவன் அதை விளையாட்டுபோலச் செய்து காட்டி, "கதவு இல்லாமலே கதவுக்குள்ள நுழையறேன் பாருங்க மாமா," என்று சிரித்தான். கொத்தனார் அன்று சாப்பிடவில்லை. காரணம் கேட்ட மனைவியிடம் வெயில் என்றார்.

விவாத நாளில் அவர் எழுந்து ஒன்பது நிமிடமும் அரசைப் புகழ்ந்தார். எழுச்சி வரி ஏழைகளை உயர்த்தியிருக்கிறது, இனியும் உயர்த்தும், கூரைகள் ஏறும் என்றார். ஏறும் என்ற சொல்லைப் பதினேழு முறை சொன்னார். ஆளும் கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள், அவருடைய கட்சிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். சலவைக் கடையில் வானொலியைக் கேட்டுக்கொண்டே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, பெட்டியைத் தூக்க மறந்தாள். ஒரு குமாஸ்தாவின் வெள்ளைச் சட்டையின் முதுகில் பெட்டியின் வடிவத்தில் பழுப்பு நிறம் பிடித்தது. அவள் கடை வைத்த நாளிலிருந்து கருக்கிய முதல் சட்டை அது.

அறிக்கையின் பதினான்காம் இணைப்பை அவையில் யாரும் படித்திருக்கவில்லை. விசாரணைக் குழுவின் முடிவுப்படி மக்கள் உயர்ந்திருப்பதால், அந்த உயர்வுக்கு ஒரு வரி அதில் இருந்தது. ஐந்தடிக்குமேல் ஒவ்வொரு விரற்கடைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். எதிர்க்கட்சியின் ஒரே பேச்சு ஆதரவாக இருந்ததால் அது ஒருமனதாக நிறைவேறியது என்று அரசிதழில் அச்சானது. அரசுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார் என்று தெற்குப் பகுதியில் பேசிக்கொண்டார்கள். கூரைகள் ஏறவில்லை. மாதத்துக்கு ஒருமுறை இறங்கிக்கொண்டிருந்தவை இப்போது ஓயாமல் இறங்கின. கால் மணிக்கு ஒரு தடவை, யாரோ விரலில் சொடக்கு எடுப்பதுபோல, மேலிருந்து டக் என்று ஒரு சத்தம் வரும். எவ்வளவு இறங்கியது என்று கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கேட்டது. சமையலின்போதும், சண்டையின்போதும், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கும்போதும் கேட்டது. கொஞ்ச நாளில் மக்கள் பேசும்போது கால் மணிக்கு ஒரு முறை தாமாகவே நிறுத்தி, சத்தம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

வீடுகளில் ஆட்களின் உயரத்தை எழுதி வரும் வேலை நெட்டையனுக்கு வந்தது. அவன் புதிய நாடாவைத் தொட மாட்டேன் என்றான். பழைய நாடாவில் அளந்து, யாரும் ஒரு விரற்கடையும் வளரவில்லை என்று நானூறு வீடுகளுக்கு எழுதிக் கொடுத்தான். வேலை போனது. அவனுடைய உயரத்துக்கான வரி மட்டும் தொடர்ந்து வந்தது. அதற்குள் அவனால் வீட்டுக்குள் உட்காரவும் முடியவில்லை. பின்னறையில் படுத்தே கிடந்தான். கொத்தனார் தினமும் காலையில் அவனைத் தோளைப் பிடித்து இழுத்து, வாசல் வழியாகத் தெருவுக்குக் கொண்டுவந்து, கொஞ்ச நேரம் நிற்க வைப்பார்.

"எனக்காகத்தான் அன்னைக்கு அப்படிப் பேசினீங்கன்னு தெரியும் மாமா," என்று ஒருநாள் தெருவில் நின்றபடி நெட்டையன் சொன்னான். "முதுகு வலியைக்கூடத் தாங்கிக்கறேன். அதைத்தான் தாங்க முடியல."

கொத்தனார் அவனைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. மனைவி அவருடன் அந்த வருடம் முழுவதும் தேவைக்கு மட்டும் பேசினாள். உப்பு, தண்ணீர், கதவு.

மூன்றாம் வருட விவாதத்தில் அவருக்கு ஒன்பது நிமிடம் தர வேண்டும் என்று ஆளும் கட்சியே சிபாரிசு செய்தது. கொத்தனார் எழுந்தார். இந்த முறை கண்ணாடியை மறக்கவில்லை.

"போன வருஷம் இங்க நின்னு நான் பேசினது பொய்," என்று தொடங்கினார். "யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. பயத்துல சொன்னேன். இப்ப உள்ளதைச் சொல்றேன், கேளுங்க."

சோப்பிலிருந்து ஆரம்பித்தார். எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி, முன்பு எவ்வளவு இருந்தது, அதனால் எந்தத் தெருவில் எந்த வீட்டில் எதை விட்டார்கள். நூல்கண்டு விலையால் தையல்காரி ஒருத்தி பழைய துணியிலிருந்து நூலைப் பிரித்துத் தைப்பதைச் சொன்னார். பேருந்துச் சீட்டு ஏறியதால் மருத்துவமனைக்கு நடந்து போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டவரைச் சொன்னார். ஒன்பது நிமிடத்தில் மணி அடித்தது. அவர் உட்காரவில்லை. ஒலிவாங்கியை நிறுத்தினார்கள். நான்காம் மாடிச் சாரத்தில் நின்று கீழே கலவை குழைப்பவனைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருடையது, அதற்கு ஒலிவாங்கி தேவைப்படவில்லை. உறுப்பினர் ஒருவரைத் தூக்கி வெளியேற்ற சபாநாயகரின் எழுத்து உத்தரவு வேண்டும். சபாநாயகர் கோபத்தில் எழுந்து சாப்பிடப் போயிருந்தார்.

வானொலியில் பேச்சை வெட்டிவிட்டு வீணை வாசித்தார்கள். சலவைக் கடை அப்போது வீட்டின் முன்னறைக்கே மாறியிருந்தது. கொத்தனாரின் மனைவி தரையில் மண்டியிட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பின்னறையிலிருந்து நெட்டையன் கூப்பிட்டான்.

"அக்கா, கொஞ்ச நேரமா டக் வரல."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இருவரும் காத்திருந்தார்கள். கால் மணி போனது, அரை மணி போனது. மேலே சத்தம் இல்லை. நெட்டையன் கையை உயர்த்தி உள்ளங்கையால் கூரையைத் தொட்டுப் பார்த்தான்.

"நின்னுடுச்சு. மாமா பேச ஆரம்பிச்சதுல இருந்து நிக்குது."

"வானொலியில நிறுத்திட்டாங்களே."

"வானொலியிலதான் நிறுத்தினாங்க. அவரு நிறுத்தல."

அவள் பெட்டியில் கரி அணைந்ததைக்கூடக் கவனிக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீணை முடிந்து புல்லாங்குழல் வந்தது. அவள் அதைக் கேட்கவில்லை. அந்த அமைதியில் கணவனின் குரலைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டாள், ஓரிடத்தில் லேசாகச் சிரித்தாள். அந்த வருடத்தில் முதன்முறையாக அவர் பேசுவதை அவள் முழுக்க உட்கார்ந்து கேட்டது அன்றுதான். பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கூரையில் டக் என்றது. உடனே இன்னொன்று. பிறகு, விட்ட நேரத்தைப் பிடிக்க ஓடுவதுபோல அடுத்தடுத்து வந்தன. பின்னறைக் கதவு நெட்டையனின் காலடியில் ஒரு சாண் குறுகியது.

"அவரைத் தூக்கிட்டாங்க," என்றாள்.

தெருவில் ஆட்கள் கத்திக்கொண்டு வீடுகளிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார்கள். நெட்டையனால் வர முடியாது. அவனை இழுத்து வருகிற கை அங்கே இல்லை. அவள் பின்னறைக்குள் ஊர்ந்து போய்த் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கூரை அவள் கொண்டையைத் தொட்டது. அவள் யாருக்கோ பதில் சொல்கிறமாதிரி, சாதாரணக் குரலில் பேச ஆரம்பித்தாள்.

"சோப்புக் கட்டி பதினொரு காசு இருந்துச்சு. இப்ப இருபத்தாறு. நாலு கட்டி வாங்கினவ ரெண்டு வாங்கறேன். மிச்ச ரெண்டு கட்டி வேலையைக் கைதான் செய்யுது. பாருங்க, விரல் இடுக்கெல்லாம் வெடிச்சிருக்கு. என் தம்பி உயரத்துக்கு வரி போட்டிருக்காங்க. அவன் என்ன, உங்ககிட்ட ஏணி வாங்கியா வளர்ந்தான்? போன வருஷம் என் வீட்டுக்காரர் சபையில நின்னு பொய் சொன்னார். எங்க கூரைக்காகச் சொன்னார். ஒரு வருஷம் நான் அவர் முகத்தைப் பார்க்கல. அதையும் உங்க அறிக்கையில எங்கயாவது எழுதுங்க."

சத்தம் நின்றது. அவள் நிறுத்தவில்லை. உப்புக்குப் போனாள், தீப்பெட்டிக்குப் போனாள். மாலையில் தொண்டை கட்டியபோது நெட்டையன் தொடர்ந்தான். சட்டை வாங்க வந்த வெல்டிங்காரர் வாசலில் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு உள்ளே தவழ்ந்து வந்தார். "ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு நான் சொல்றேன், நகருங்க," என்றார்.

அதன்பின் தெற்குப் பகுதியில் பேச்சு நிற்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். எப்படிப் பேச வேண்டும் என்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டார்கள். அமைச்சரைத் திட்டினால் கூரை நிற்காது. அழுதாலும் பாடினாலும் நிற்காது. எந்த வரி, எவ்வளவு, யார் வீட்டில் என்ன ஆனது என்று உள்ளபடி சொன்னால் மட்டும் நின்றது. ஒருவர் வேகத்தில் பதினாறு காசை இருபது காசு என்று சொன்னபோது மேலே டக் என்றது. அவர் மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டார். இதனால் அந்தப் பகுதியில் கணக்கு தெரியாதவர்களே இல்லாமல் போனார்கள். மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண் நிதிநிலை அறிக்கையின் எல்லா இணைப்புகளையும் மனப்பாடம் செய்தாள். போலீசார் ஏழு முறை வந்து பேசியவரைக் கூட்டிப்போனார்கள். ஏழு முறையும் அடுத்த வீட்டில் இருந்தவர் வாக்கியத்தின் பாதியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அவைக்குக் குந்தகம் விளைவித்த குற்றத்துக்காகக் கொத்தனார் பதினான்கு மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்த அன்று மனைவி சிறை வாசலில் நின்றிருந்தாள். அவர் மிகவும் இளைத்திருந்தார், குரல் கம்மியிருந்தது.

"கூரை?" என்றுதான் முதலில் கேட்டார்.

"நீங்க விட்ட இடத்துக்கு ஒரு சாண் கீழ. அங்கயே நிக்குது."

"இப்ப யார் பேசறா?"

"வெல்டிங்காரர். ஆறு மணி வரைக்கும்."

"ஏறலையா?" என்றார்.

"ஏறல."

"ஏறாது," என்றார் அவர். "முட்டுக் கொடுத்தா கான்கிரீட்டு மேல போகாது, கீழ வராது. அவ்வளவுதான் முட்டோட வேலை. எடுக்காம வெச்சிருக்கணும்." அவள் அவர் பையை வாங்கிக்கொண்டாள். இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள்.

கூரைகள் மூன்றடியில் நின்றுவிட்டன. மேசை நாற்காலிகளின் கால்களை அறுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மண்டியிட்டு வணக்கம் சொன்னார்கள். நிமிர்ந்து நிற்பது தெருவில் செய்கிற காரியம் என்று ஆனது, அதையும் சிலர் கூச்சத்தோடுதான் செய்தார்கள். நெட்டையன் முன்வாசலை ஒட்டிப் படுத்தபடி, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் உள்ள எல்லா வீடுகளின் அளவையும் தன் பழைய நாடாவை வைத்துப் பதிந்துவந்தான். ஆட்கள் அவனிடம் வந்து எண்களைச் சரிபார்த்துக்கொண்டு போனார்கள். கொத்தனார் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. அவருக்குச் செவ்வாய்க்கிழமை நான்கிலிருந்து ஆறு வரை முறை ஒதுக்கினார்கள்; மற்றவர்களைப் போலவே வந்து பேசிவிட்டுப் போனார். கைக்குழந்தைகள் அந்தப் பேச்சுச் சத்தத்திலேயே தூங்கிப் பழகின. ஒருவர் இருமுவதற்காக அரை நிமிடம் நிறுத்தினாலும் எல்லா வீட்டிலும் குழந்தைகள் விழித்துக்கொண்டன.

ஐந்தாம் வருட நிதிநிலை அறிக்கையில் பேச்சுக்கு வரி விதிக்கப்பட்டது. வீட்டுக்குள் பேசினால் நிமிடத்துக்கு இரண்டு காசு, வெளியே கேட்கும்படி பேசினால் ஐந்து காசு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து. செய்தி தெற்குப் பகுதிக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. மருந்துக்கடைப் பெண்ணின் முறை. அவள் செய்தி கொண்டுவந்தவரிடம் இரண்டு காசா, இரண்டரையா என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு அந்த வரியிலிருந்தே தொடங்கினாள்.